பட்டியல் எடுத்த நாளும் ஏலம் போன நாளும்

குன்னூரில் வியாழனும் வெள்ளியும் தேயிலை ஏலம் என்பது நீலகிரியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அந்த ஏலத்துக்குச் சரக்கு அனுப்பிய ஆலை ஒன்றின் அலுவலகத்தில் நான் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். எத்தனை மூட்டை, எந்த ரகம், கிலோ என்ன விலைக்குப் போயிற்று என்று வாரந்தோறும் பேரேட்டில் பதிந்து வந்த நான், கடைசியில் அந்த ஆலையின் எந்திரங்களும் கட்டடமும் நிலமும் எப்படி விலை போயின என்பதையும் ஒரு பழைய நோட்டில் குறித்து வைக்கும்படி ஆயிற்று. இப்போது கோத்தகிரிக்கு அருகில் இன்னொரு ஆலை தள்ளாடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. அங்கே வேலை பார்க்கும் என் தங்கை மகன் சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து, "மாமா, கோர்ட்டுல ஏலம் விட்டா நமக்குக் காசு வருமா?" என்று கேட்டான். நான் வாயால் சொன்னதில் பாதி அவனுக்குப் பிடிபடவில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீலகிரியில் மூடிய கம்பெனி என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது உதகை இந்து நகரின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்தான். 1960-ல் தொடங்கப்பட்டு 1967-ல் உற்பத்திக்கு வந்த அந்த மத்திய அரசு நிறுவனத்தைப் பற்றி எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது, அறுபத்து நான்கு பேர் வேலை செய்த, சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி அரைத்த, மூடியபோது பத்திரிகையில் நான்கு வரிகூட வராத ஒரு தனியார் ஆலையைப் பற்றி. அதன் பெயரும் அதை நடத்தியவர்களின் பெயரும் இங்கே வேண்டாம்.

ஆலை நின்று பல மாதங்களுக்குப் பிறகு, கடன் கொடுத்தவர்கள் போட்ட மனுவின்மேல் சென்னை உயர்நீதிமன்றம் 1956-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி கலைப்பாணை பிறப்பித்தது. எங்களுக்கு யாரும் வேலைநீக்கக் கடிதம் தரவில்லை. கலைப்பாணையே ஊழியர்களுக்கான வேலைநீக்க அறிவிப்பாகக் கருதப்படும் என்று அந்தச் சட்டமே சொல்வதால் கடிதத்துக்குத் தேவையும் இல்லை என்று பின்னால் வக்கீல் விளக்கினார். ஆணை வந்த பிறகு கம்பெனியின் சொத்து முழுவதும் அஃபிஷியல் லிக்விடேட்டர் என்னும் அதிகாரபூர்வ கலைப்பாளரின் பொறுப்புக்குப் போய்விடும். இவர் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் அதிகாரி. உயர்நீதிமன்றத்தோடு இணைந்து, அதன் கட்டளைப்படி நடப்பவர். அவருடைய ஆட்கள் வந்து வாசல் கேட்டிலும் கிடங்கிலும் அலுவலக அலமாரியிலும் அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். அதன்பின் நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் கம்பெனிமேல் யாரும் புதிதாக வழக்குப் போடவோ, நடக்கும் வழக்கைத் தொடரவோ, ஜப்தி செய்யவோ முடியாது. எங்களில் சிலர் அந்த முத்திரையைப் பார்த்து அழுதார்கள். எனக்கென்னவோ அன்றைக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தின இரண்டு மாதங்களில் இரவில் வந்து போன லாரிகளை நான் எண்ணியிருக்கிறேன்.

தங்கை மகனுக்கு நான் முதலில் சொன்னது பட்டியல் எடுக்கும் நாளைப் பற்றித்தான். ஏலம் என்றதும் எல்லோரும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கும் காட்சியையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். நான் கண்ட வரையில், ஒரு செத்த ஆலையின் விலையில் பெரும்பகுதி, மதிப்பீட்டாளர் கையில் அட்டையும் பேனாவுமாகக் கிடங்குக்குள் நடக்கும் அந்த ஒரே நாளில் தீர்மானமாகிவிடுகிறது. ஏல அறிவிப்பில் வருவது அவர் எழுதிய வரிகள். குறைந்தபட்ச விலை வைப்பது அவர் போட்ட மதிப்பின்மேல். அறிவிப்பைப் படித்து, கோத்தகிரி வரை பஸ் ஏறலாமா வேண்டாமா என்று வாங்குபவர் முடிவு செய்வதும் அந்த வரிகளைப் பார்த்துத்தான்.

எங்கள் ஆலைக்கு வந்த மதிப்பீட்டாளர் நல்ல மனிதர், ஆனால் சமவெளிக்காரர். நூற்பாலை எந்திரம் தெரிந்த அளவுக்குத் தேயிலை எந்திரம் அவருக்குத் தெரியவில்லை. எந்திரங்களை அடையாளம் காட்ட, தேயிலை தயாரிப்பை மேற்பார்த்த எங்கள் டீ மேக்கரையும் என்னையும் அழைத்திருந்தார்கள். இலையை வாட்டும் தொட்டிகள், ரோட்டர்வேன், டிரையர், விறகு எரிக்கும் சூட்டடுப்பு, சலிப்பான்கள் என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தவர், ஸ்டோர் ரூமின் மூலையில் கிரீஸ் பூசிக் கோணியில் சுற்றிக் கிடந்தவற்றைக் காலால் தட்டிப் பார்த்து, "இரும்பு உருளை, பழையது, பத்து எண்" என்று எழுதினார்.

அவை சி.டி.சி. எந்திரத்தின் (நசுக்கு, கிழி, சுருட்டு என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) மாற்று உருளைகள். ஓர் உருளை மெதுவாகவும் அதன் ஜோடி ஏறத்தாழப் பத்து மடங்கு வேகமாகவும் எதிரெதிரே சுழல, நடுவில் விழும் வாடிய இலை நசுங்கிக் கிழிந்து சுருண்டு வெளியே வரும். அந்த வேலையைச் செய்யும் பற்கள் துருப்பிடிக்காத எஃகில் வெட்டப்பட்டவை. சில நாள் ஓடினால் பல் மழுங்கும். திரும்ப வெட்டிக் கூர் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் உருளையின் விட்டம் கொஞ்சம் குறையும். ஆகவே உருளை வாங்க வருபவன் அதை எடை போட மாட்டான், விட்டத்தை அளப்பான். இன்னும் எத்தனை முறை பல் வெட்டலாம் என்பதுதான் அதன் விலை. கிடங்கில் இருந்த ஐந்து ஜோடியில் இரண்டு ஜோடி, ஆலை நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் வாங்கி ஒருமுறைகூட எந்திரத்தில் ஏற்றாதவை.

டீ மேக்கர் குனிந்து கோணியைப் பிரித்தார். கிரீஸை வேட்டி முனையால் துடைத்ததும் பல் பளபளவென்று தெரிந்தது. "சார், இது இரும்பு இல்லீங்க. இதைப் பழைய இரும்புக் கணக்குல போட்டீங்கன்னா எங்க வயித்துல அடிச்ச மாதிரிங்க" என்றார். மதிப்பீட்டாளர் சிரித்துக்கொண்டே "பார்க்கலாம்" என்றார், எழுதியதை மாற்றவில்லை. நான் அன்றிரவே உருளைகளின் அளவையும் கொள்முதல் ஆண்டையும் என் நினைவிலிருந்தும் ஸ்டோர் குறிப்பிலிருந்தும் எழுதி, கலைப்பாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து எங்கள் சங்கத்தின் வக்கீல் மூலம் அதையே ஒரு மனுவாக நீதிமன்றத்தில் வைத்தோம்.

அடுத்து மழை. கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு வடகிழக்குப் பருவம்தான் பெரிய மழை. கூரையில் காற்றுத் தூக்கிப் போட்ட தகரத்தை மாற்ற யாரும் இல்லை. மாற்றுவதற்குக்கூட அனுமதி வேண்டும், பணம் வேண்டும். காவலுக்கு வைத்த ஏஜென்சியின் கூலி கலைப்புச் செலவில் சேர்ந்து, விற்ற பணத்தில் மற்ற எல்லோருக்கும் முன்னால் கழிந்துவிடும். அப்படியும் மோட்டார்களின் செப்புக் கம்பி போய்விட்டது. எப்போது போயிற்று, யார் கொண்டு போனார்கள் என்று தெரியவில்லை. இரண்டு மழைக்காலம் முடிந்து பார்த்தபோது சூட்டடுப்பின் குழாய்கள் கையால் தொட்டால் உதிர்ந்தன, டிரையரின் தட்டுகள் சல்லடைபோல் ஓட்டை விழுந்திருந்தன. மூட்டுவலித் தைலம் தடவிக்கொள்ளும் கிழவனைப்போல் கிரீஸுக்குள் கிடந்த உருளைகள் மட்டும் அப்படியே இருந்தன.

பிறகு ஒருநாள் ஆங்கில நாளிதழிலும் தமிழ் நாளிதழிலும் அறிவிப்பு வந்தது. பழைய சட்டத்தின்கீழ் இருந்த 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி, கலைப்பாளர் நடத்தும் விற்பனை பொது ஏலமாகவோ மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியாகவோ இருக்க வேண்டும்; நிபந்தனைகளை நீதிமன்றம் ஏற்க வேண்டும்; முடிந்த விற்பனையையும் நீதிமன்றம் உறுதி செய்ய வேண்டும். நிலமும் கட்டடமும் ஒரு தொகுதி, எந்திரங்கள் ஒரு தொகுதி, இரண்டும் சேர்ந்தது ஒரு தொகுதி என்று எங்கள் ஆலையைப் பிரித்திருந்தார்கள். "எங்கே எப்படி உள்ளதோ அங்கே அப்படியே" என்ற நிபந்தனை முதல் வரியில் இருந்தது. வாங்கப் போகிறவர்கள் இந்த வரியைச் சடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. மின்வாரியப் பாக்கி, பத்திரக் குறை, இடித்து எடுக்கும் செலவு எல்லாம் அதற்குள் அடக்கம். ஏலத்தில் சொத்து வாங்கியவர் புதிதாக மின்னிணைப்புக் கேட்டால், பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டச் சொல்லி மின்வாரியம் நிபந்தனை வைக்கலாம் என்று 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மலையில் இன்னொன்றும் உண்டு. எங்கள் ஆலை வளாகத்தில் நின்ற சில்வர் ஓக் மரங்களைப் பார்த்துவிட்டு, அவற்றை வெட்டி விற்றே பாதிப் பணத்தை எடுத்துவிடலாம் என்று ஒருவர் என்னிடம் கணக்குச் சொன்னார். மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது, அனுமதி இல்லாமல் கோடாரி வைக்க முடியாது என்று சொன்னேன். அவர் அதன்பின் வரவில்லை.

முதல் ஏலத்தைப் பார்க்க நானும் சங்கத்தின் செயலாளரும் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போனோம். உயர்நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்துக்குள் அந்தக் கூடத்தைக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று. மூன்று உறைகள் வந்திருந்தன. மூன்றும் பழைய இரும்பு வியாபாரிகளுடையவை. மூன்றிலும் இருந்த தொகைகளுக்கு நடுவே ஒரு மாட்டு வண்டி கூடப் போக முடியாது, அவ்வளவு நெருக்கம். வெளியே நடைவழியில் மூவரும் ஒரே பிளாஸ்கில் காபி குடித்துக்கொண்டிருந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். இப்படி முன்கூட்டியே தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு விலை கேட்பதைத்தான் சிண்டிகேட் போடுவது என்பார்கள். நீதிபதி உறைகளைப் பார்த்தார், குறைந்தபட்ச விலையைப் பார்த்தார், மறுஏலத்துக்கு உத்தரவிட்டார். அந்த நாளில்தான் எங்கள் மனுவும் எடுத்துக்கொள்ளப்பட்டது. எந்திரப் பட்டியலைத் தேயிலைத் தொழில் தெரிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்த்து மறு அறிவிப்பு வெளியிடும்படி உத்தரவாயிற்று.

மறு அறிவிப்பில் அந்த வரி இப்படி வந்தது: துருப்பிடிக்காத எஃகு சி.டி.சி. உருளைகள், ஐந்து ஜோடி, விட்டம் இவ்வளவு, அவற்றில் இரண்டு ஜோடி பயன்படுத்தப்படாதவை. மொத்தம் ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியைப் படித்துவிட்டுக் குன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தேயிலை ஆலைக்காரர் பார்வை நாளன்று கையில் அளவுகோலோடு வந்தார். மற்ற எதையும் அவர் அரை நிமிடத்துக்குமேல் பார்க்கவில்லை.

இரண்டாம் முறை உறைகளைப் பிரித்த பிறகு நீதிபதி அங்கேயே அவர்களைக் கூட்டிக் கேட்கச் சொன்னார். இரும்பு வியாபாரி ஒரு தொகை சொல்ல, தேயிலைக்காரர் அதற்குமேல் சொல்ல, ஐந்தாறு முறை ஏறி, இரும்பு வியாபாரி தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்தார். எந்திரத் தொகுதி முதல் ஏலத்தில் வந்த உயர்ந்த தொகையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்குக்குப் போயிற்று. துருப்பிடித்துப்போன டிரையரையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. இரண்டு மழை பெய்வதற்கு முன்னால் இதே பட்டியல் சரியாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று செயலாளர் ரயிலில் கேட்டுக்கொண்டே வந்தார்.

நிலத் தொகுதி இவ்வளவு சீக்கிரம் முடியவில்லை. தங்கும் விடுதி கட்டும் எண்ணத்தில் வந்த ஒருவர் அதிக விலை கேட்டார். விற்பனையை உறுதி செய்ய வேறு தேதி போட்டார்கள். அந்தத் தேதிக்குள் இன்னொருவர் அதைவிடக் கூடுதலாகத் தருகிறேன் என்று முன்வைப்புத் தொகையோடு மனுப் போட்டார். எங்களுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஆனால் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. போதாத விலைக்குச் சொத்து போய்விடாமல் காப்பதற்காகவே நீதிமன்ற உறுதி என்ற படி வைக்கப்பட்டிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1969-ல் நவல்கா வழக்கில் சொன்னது. அதிகமாகக் கேட்டவன் என்பதாலேயே ஒருவனுக்குச் சொத்தில் உரிமை வந்துவிடாது. நீதிபதி இருவரையும் திரும்பக் கேட்க வைத்தார், விலை ஏறியது, உறுதி செய்தார். அதற்குப் பிறகும் மூன்றாவதாக ஒருவர் இன்னும் கூடுதல் தொகையோடு வந்து, 2000-ல் திவ்யா கம்பெனி வழக்கில் உறுதியான விற்பனையையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறதே என்று வாதாடினார். அவரிடம் 2008-ஆம் ஆண்டின் வால்ஜி கிம்ஜி தீர்ப்பு எடுத்துக்காட்டப்பட்டது: உறுதி செய்த விற்பனையை மோசடி போன்ற காரணம் இல்லாமல், பின்னால் வந்த கூடுதல் விலைக்காக மட்டும் கலைக்க முடியாது, கலைத்தால் எந்த ஏலமும் எந்தக் காலத்திலும் முடியாது. என் எண்ணமும் அதுவே. காத்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்ற ஆசையில் நாள் கடத்துவது, கூரையில்லாத டிரையரை மழையில் நிறுத்துவதற்குச் சமம்.

இனி அவன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கம்பெனியைக் கலைக்கும் மனுவில் தொழிலாளர் தரப்பையும் கேட்க வேண்டும் என்ற உரிமையே, கோவைக் கம்பெனி ஒன்றைக் குறித்துத் தேசிய ஜவுளித் தொழிலாளர் சங்கம் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் வந்தது. 1985-ல் கம்பெனிகள் சட்டத்தைத் திருத்தி, சொத்தை அடமானமாகப் பிடித்து வைத்திருக்கும் வங்கிக்குச் சமமான வரிசையில் தொழிலாளர் பாக்கியை நிறுத்தினார்கள். அந்தச் சட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது: தொழிலாளர் பாக்கி 1 லட்சம், அடமானக் கடன் 3 லட்சம், அடமானச் சொத்தின் மதிப்பு 1 லட்சம் என்றால், சொத்தில் நான்கில் ஒரு பங்காகிய 25,000 ரூபாய் தொழிலாளர்களுக்கு. எங்களுக்கு முதல் தவணையில் ரூபாய்க்கு 31 காசு வந்தது. சம்பளம், கிராஜுவிட்டி, விடுப்பு எல்லாம் சேர்த்து எனக்கு ஏற்கப்பட்ட பாக்கி 1,84,000 ரூபாய். கைக்கு வந்தது 57,040. சம்பளச் சீட்டும் பி.எஃப். சீட்டும் பத்திரமாக வைத்திருந்தவர்களுக்கு முழுப் பாக்கியும் ஏற்கப்பட்டது. வைத்திராதவர்களுக்காக நான் மஸ்டர் என்னும் வருகைப் பதிவேட்டின் நகலைத் தேடி அலைந்தது தனிக் கதை.

உருளைகளை அடையாளம் காட்டிய டீ மேக்கருக்கு இந்த வரிசையில் இடம் கிடைக்கவில்லை. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் அவர் தொழிலாளி அல்லர், வரம்புக்கு மேல் சம்பளம் வாங்கிய மேற்பார்வையாளர் என்று ஆயிற்று. அப்படிப்பட்டவர்களுக்கு நான்கு மாதச் சம்பளம் வரை, அதுவும் ஓர் உச்சவரம்புக்குள், வங்கியும் தொழிலாளரும் போக மிஞ்சியதிலிருந்துதான் முன்னுரிமை. மிஞ்சவில்லை. இலை கொடுத்த விவசாயிகள் அவருக்கும் பின்னால் நின்றார்கள்; என் மைத்துனரும் அவர்களில் ஒருவர். ஏஜென்ட் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைத் தவிர அவர்களில் பலரிடம் ஆதாரம் இல்லாததால், தங்களுக்குப் பாக்கி உண்டு என்று கலைப்பாளரிடம் தர வேண்டிய கடன் நிரூபணமே கொடுக்கவில்லை.

இப்போது மூடும் ஆலைக்கு இந்தப் பழைய வழி கிடையாது. 2016-ஆம் ஆண்டு திவால் சட்டத்தின்படி எல்லாம் சென்னையில் உள்ள தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும். கலைப்பாளர் அரசு அதிகாரி அல்லர், பதிவு பெற்ற தனியார் வல்லுநர். ஏலம் இணையத்தில் நடக்கும். கம்பெனியைக் கடனில் தள்ளிய உரிமையாளரே பினாமி பெயரில் திரும்ப வாங்குவதைத் தடுக்கும் பிரிவும் இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த பிரிவு. ஆனால் வங்கிக்குச் சமமான வரிசையில் தொழிலாளருக்கு 24 மாதப் பாக்கி மட்டுமே நிற்கும். திவால் மனுப் போடுவதற்கான குறைந்தபட்சப் பாக்கி 2020 மார்ச்சில் 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்ந்துவிட்டதால், இலை விவசாயி தன் பாக்கிக்காகத் தனியாகத் தீர்ப்பாயத்துக்குப் போவது நடவாத காரியம். எந்தச் சட்டமானாலும் மதிப்பீட்டாளர் வந்து பட்டியல் எடுக்கத்தான் வேண்டும்.

சென்ற மாதம் கலைப்பாளர் அலுவலகத்திலிருந்து இரண்டாம் தவணைக்கான கடிதம் வந்தது. வங்கிப் புத்தகத்தின் நகலும் ஆதார் நகலும் கேட்டிருக்கிறார்கள். அறுபத்து நான்கு பேரில் ஒன்பது பேர் இப்போது இல்லை. அவர்களில் மூன்று பேருடைய வீட்டில் இன்னும் வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த மூன்று குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு கோத்தகிரி இ-சேவை மையத்துக்குப் போகிறேன். தங்கை மகனையும் அங்கே வரச் சொல்லியிருக்கிறேன். வரும்போது அவன் சம்பளச் சீட்டுகளையும், ஸ்டோரில் கிடக்கும் உருளைகளின் விட்டத்தை ஒரு தாளில் குறித்தும் எடுத்து வர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.